நீலக் கைக்குட்டைக்கு அடியில்

என் கணவர் ஒனெசிமை அடக்கம் செய்த அன்று காலை அவருடைய நீலக் கைக்குட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கார்னெட் என்ற குட்டி எக்காளத்தை ஊதும்போது அதைத்தான் விரல்கள் மேல் போட்டுக்கொள்வார். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துகிறார் என்று யாரும் பார்த்துவிடக் கூடாது. அந்த வாசிப்புக்கு ஜாஸ் என்று பெயர் வருமுன்பே நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் அதை ஊதித் திரிந்தவர். இசைத்தட்டுக்காரர்கள் இரண்டு முறை வீடு தேடி வந்தார்கள். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

"தட்டுல ஏத்தினா ஊர்த் திருடனெல்லாம் உக்காந்த எடத்துலயே கத்துக்குவான். மொதல் திருடன் உர்சின்."

உர்சின் அடுத்த தெருக்காரன். அவனும் கார்னெட்தான்.

இப்போது தட்டும் இல்லை, ஆளும் இல்லை. அவருடைய ஏரிக்கரைப் பாட்டை இனி எங்கே கேட்பேன் என்பதுதான் அன்று என் கவலை. அதன் மூன்றாவது சுற்றில் ஒரு சுரம் உடையும். நூறு வருடத்து அழுகை அது என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். ஒனெசிம் அதைப் படித்துவிட்டு என் காலைப் பார்த்துச் சிரித்தார்.

டிரம்காரர் வாசலுக்கு வந்தார். "அண்ணி, டிரம்ம மூட ஒரு துணி குடுங்க."

கல்லறை வரை டிரம் வாய்விட்டு ஒலிக்கக் கூடாது, திரும்பும்போது ஆட்டம்தான்; எங்கள் ஊர் வழக்கம் அது. நீலக் கைக்குட்டையைக் கொடுத்தேன். ஊர்வலம் மெல்ல, கனமாகப் போனது. அவரைக் கல்லறையில் வைத்துவிட்டு வெளிவாசலைத் தாண்டியதும் டிரம்காரர் கைக்குட்டையை உருவினார். டிரம் படபடவென்று வெடித்தது, குடைகள் விரிந்தன, தெரு ஆடத் தொடங்கியது. உர்சின் கார்னெட்டைத் தூக்கினான். ஏரிக்கரைப் பாட்டு! சுரத்துக்குச் சுரம் அப்படியே, விரல்களை ஊரே பார்க்க.

"அட திருடா! எப்படிக் கத்துக்கிட்ட?"

"முப்பது வருஷம் உங்க வேலிக்கு அந்தப் பக்கம் நின்னேன் அண்ணி. கையத்தான மூடினான்? என் காதையா மூடினான்?"

மூன்றாவது சுற்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, தேம்பித் தேம்பி அந்தச் சுரத்தை உடைத்தான். நான் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என் மேல் மோதினார்கள்.

"தப்பா அண்ணி?"

"எடம் சரிதான். ஆனா நீ அழுவுற."

"அது அழுகைதான?"

"உன் தலை! ஏரிக்கரைல ஆடுறப்ப என் செருப்பு கழண்டு, பறந்து போயி அவங்கம்மாவோட நண்டு அண்டாவுல விழுந்துச்சு. ஊதிக்கிட்டிருந்த மனுஷன் பாதி சுரத்துல சிரிச்சிட்டாரு. அப்புறம் எப்பவும் அப்படியேதான் ஊதினாரு. அவ்வளவுதான். அத்தை செருப்ப கரண்டியால எடுத்துப் போட்டுட்டு கிண்டிக்கிட்டே இருந்தாங்க. ஊரே சாப்பிட்டுச்சு."

"நானும் ரெண்டு தட்டு சாப்பிட்டேனே!" உர்சின் தலையில் கை வைத்தான். "இதுக்குப் போயா முப்பது வருஷம் அழுது பழகினேன்?"

கூட்டம் குலுங்கியது. அவன் மறுபடி ஊதிப் பார்த்தான். உதட்டை எடுத்துவிட்டு, "சிரிப்பு வரல அண்ணி. இப்பதான அவன வச்சிட்டு வர்றோம்," என்றான்.

"மொதல்லேர்ந்து வாசி."

வாசித்தான். நான் டிரம்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு கறுப்புச் செருப்பைக் கழற்றினேன். தெருவோரம் சோறு விற்றுக்கொண்டிருந்தவள் என் கையைப் பார்த்ததும் ஓடிப்போய் அண்டாவை இரண்டு கையாலும் மூடினாள். உர்சின் அவளைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான். மூன்றாவது சுற்று நெருங்கிக்கொண்டிருந்தது. ஊதி உப்பிய கன்னங்கள் நடுங்கத் தொடங்கின.