அதிபரின் கையெழுத்தும் வர்ஜிலின் வீடும்

வெள்ளம் வடிந்த பிறகு அமெரிக்காவின் அந்தக் கென்டக்கி மலைப்பக்கமே ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. ஆளுநர் வாஷிங்டனுக்கு எழுதிவிட்டார். பேரிடர் என்று அதிபர் அறிவித்தால்தான் மத்திய அரசின் உதவி வரும்.

அறிவிப்பு வந்தது. அதில் பெல்லமி மாவட்டம் இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்து டார்ட் மாவட்டம் இல்லை.

பெல்லமி மாவட்டத்துப் பேரிடர் அதிகாரி ரொவீனா. அவள் தம்பி வர்ஜில் குடியிருந்தது டார்ட்டில். ஒரே தண்ணீர்தான் இரண்டு கரையையும் விழுங்கியிருந்தது. உடனே மாநிலத் தலைநகரிலிருந்த மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.

"டார்ட்டை ஏன் சார் விட்டுட்டாங்க?"

"காரணம் சொல்லலைம்மா. சொல்லணும்னு கட்டாயமும் இல்ல. அதிபர் அறிவிக்கலாம்னுதான் சட்டத்துல இருக்கு. அறிவிக்கணும்னு இல்ல."

போனை வைத்த பிறகும் அந்த 'லாம்' அவள் காதிலேயே நின்றது. இத்தனை வருட வேலையில் அதை எத்தனையோ முறை படித்திருக்கிறாள். ஒருநாளும் உறைத்ததில்லை.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனாள். வர்ஜில் சமையலறைச் சேற்றை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க மேடம். இந்தப் பக்கம் கால் வைக்க உங்களுக்கு அனுமதி இருக்கா?"

"நக்கலை விடுடா."

"அந்த அதிபருக்குத்தான்க்கா ஓட்டுப் போட்டேன். தேர்தலப்ப வாசல்ல அவர் பேரு போட்ட போர்டு வேற வச்சேன்."

"போர்டைப் பாத்தா கையெழுத்துப் போடுவாங்க?"

"அப்ப எதைப் பாத்துப் போடுறாங்க? நீதானே அதிகாரி, சொல்லேன்."

ரொவீனா மண்வெட்டியை எடுத்துத் தானும் அள்ளத் தொடங்கினாள்.

மறுநாள் டார்ட் மாவட்டத் தலைவர் ஹோபார்ட்டைப் போய்ப் பார்த்தாள். கிழவருக்கு ஆள்பலம் இல்லை. சாலையோர வீடுகளின் சேதத்தை மட்டும் கணக்கெடுத்து அனுப்பியிருந்தார். மலை இடுக்குகளுக்குள் யாருமே போகவில்லை. ரொவீனா விடுப்பு எடுத்துக்கொண்டாள். வர்ஜில் வண்டி ஓட்ட, பாதை முடிந்த இடத்திலிருந்து நடந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேதத்தைக் குறித்தார்கள். அந்தக் கணக்கை வைத்து ஆளுநர் மறுபடியும் எழுதினார். பதில் வருவதற்குள் வர்ஜிலின் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒஹாயோ மாநிலத்திலிருந்த மகளிடமே போய்விட்டார்கள்.

இலைகள் பழுக்கிற பருவத்தில் வர்ஜில் போன் செய்தான். குரல் உடைந்திருந்தது.

"அக்கா, டார்ட்டையும் சேத்துட்டாரு! எவ்வளவு பெரிய மனசு பாரு!"

"காரணம் ஏதாச்சும் போட்டிருக்கா?"

"கெடச்சிருச்சுல்ல, காரணம் எதுக்கு?"

தம்பிக்குக் கூரை நிற்கும் என்பதில் அவளுக்கும் கண் கலங்கியது. ஆனால் அந்தச் சந்தோஷம் முழுசாக இறங்கவில்லை. இல்லை என்றபோதும் அதிபர் ஏன் என்று வாய் திறக்கவில்லை. சரி என்றபோதும் திறக்கவில்லை. மலை மலையாக ஏறி எடுத்த கணக்கு அவரைத் தொட்டதா, இல்லை அன்றைக்கு அவருக்கு அப்படித் தோன்றியதா? நியாயமாகக் கிடைத்தது என்றால் நன்றி எதற்கு? தயவால் கிடைத்தது என்றால் அடுத்த வெள்ளத்தில் எதை நம்புவது?

ஹோபார்ட்டும் அதையேதான் கேட்டார். "இந்தத் தடவை எதும்மா வேலை செஞ்சுது? சொன்னா அடுத்த தடவையும் அதையே செய்வோம்."

"எனக்குத் தெரியல சார்," என்றாள். பிறகு, "அடுத்த தடவை முதல்லயே மலைக்குள்ள போயிருங்க. நானும் வர்றேன்," என்றாள்.

கிழவர் தலையாட்டிவிட்டு அவளுக்கு இன்னொரு கோப்பை காபி ஊற்றினார்.