பதினெட்டாம் கட்டத்து அலமாரி

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கோலசிலாங்கூரில் ஒரு பல் கிளினிக்கில் கிடைத்தது. எனக்கு முன்னால் ஒன்பது பேர். வலியை மறக்க ஏதாவது விளையாட்டு இறக்கலாம் என்று கைப்பேசியைத் துழாவினேன். ஆறு வெள்ளி தொண்ணூறு காசுக்கு ஒரு புதிர் விளையாட்டு அகப்பட்டது. பெயர் ‘பிண்டா’. வீடு மாறிப் போவதற்கு மலாயில் அதுதான் சொல். நம் வாயிலும் அதுதான் வரும். நான் கஞ்சன். வாங்குவதற்கு முன் வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று படித்துக்கொண்டே இருந்தேன். கடைசிவரை வாங்கவில்லை.

விளையாட்டு இதுதான். ஒரு தோட்டத்து வீடு. கட்டத்துக்குக் கட்டம் சாமான்கள் கூடும். நீலச் சட்டை போட்ட ஒரு பொம்மை ஆள் எல்லாவற்றையும் வாசலுக்குத் தள்ளி லோரியில் ஏற்ற வேண்டும். தள்ள மட்டும்தான் முடியும், இழுக்க முடியாது. மூலையில் மாட்டிக்கொண்டால் திரும்ப முதலிலிருந்து. மொத்தம் பதினெட்டுக் கட்டங்கள்.

முப்பத்தொரு பேர் எழுதியிருந்தார்கள். ‘வேலை முடிந்து வந்து விளையாட இதமாக இருக்கிறது.’ ‘பன்னிரண்டாம் கட்டத்தில் கிரைண்டர் கதவில் மாட்டிக்கொள்கிறது.’ ‘அந்தச் சாம்பல் நிறக் கல் என்ன, கல்லறையா?’ (அம்மிக்கல் ஐயா, அம்மிக்கல்.) ‘இந்த விலைக்கு இதுவே அதிகம்.’ ஆங்கிலமும் மலாயுமாக ஓடிய வரிசையில் தமிழில் ஒன்றே ஒன்று, இரண்டு நட்சத்திரத்தோடு நின்றது: ‘வீடு இப்படி இல்லை.’

அவ்வளவுதான் என் கையிருப்பு. இனி வருவதெல்லாம் இட்டுக்கட்டியது.

2

‘பனி கலையாத செம்பனைக் காட்டுக்கு நடுவே அந்தப் பழைய லயத்து வீட்டில்…’

வேண்டாம். பனி, செம்பனை, லயம் மூன்றும் ஒரே வரியில் வந்தால் உங்களுக்குக் கொட்டாவி வரும். எனக்கு எழுதும்போதே வந்துவிட்டது.

‘நாற்பத்து மூன்று வயதில் பிரமிளா வாழ்க்கையில் முதன்முறையாக…’

இதுவும் இல்லை. பேசாமல் பஸ்ஸில் தொடங்குகிறேன்.

பத்தாங் பெர்ஜுந்தாயில் விடிவதற்குள் தொழிற்சாலை பஸ் ஏறினால் ரவாங் போய்ச் சேர ஒரு மணி நேரம். பிரமிளா அங்கே தரம் பார்க்கிற பிரிவில் பதினாறு வருடமாக இருக்கிறாள். இடுப்பில் பெல்ட் கட்டாமல் அவளால் அந்த ஒரு மணி நேரம் உட்கார முடியாது. பக்கத்து இருக்கை ஷர்மினி அதே பிரிவு, இருபத்தைந்து வயது, வாய் ஓயாதவள். “அக்கா, இத ட்ரை பண்ணிப் பாருங்க லா, டென்ஷன் எல்லாம் போயிரும்” என்று அவள்தான் ‘பிண்டா’வை இறக்கிக் கொடுத்தாள்.

டென்ஷன் போகவில்லை. முதல் கட்டத்திலேயே பின்வாசலில் படிக்குப் பதிலாக ஒரு லோரி டயர் பதித்திருந்தது. அப்பா கார்த்திகேசு மண்ணைத் தோண்டி அந்த டயரைப் புதைத்தபோது பிரமிளா பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். விளையாட்டை ஆக்கியவர் யார் என்று தேடிப் பார்த்தாள். திலீப் கார்த்திகேசு என்று இருந்தது. அவள் தம்பி. இரண்டு பேரும் பேசி ஆறு வருடம் ஆகிறது.

3

[இந்த இடத்தில் திலீப் சோம்பேறி, வேலை என்றால் நழுவுகிறவன் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். கதை சுலபமாக ஓடியது, ஆனால் பொய். நழுவுகிறவன் தனியாக உட்கார்ந்து மூன்று வருடம் ஒரு விளையாட்டைச் செய்ய மாட்டான். பத்தியை எடுத்துவிட்டேன்.]

நடந்தது இது. பத்தொன்பது வருடத்துக்கு முன் தோட்டம் கைமாறியது. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். லோரி வருகிற அதே நாளில் திலீப்புக்கு சைபர்ஜெயாவில் கல்லூரி நேர்முகம். பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்திருந்த அப்பாதான் அவனைப் போகச் சொன்னார். அக்கா பார்த்துக்கொள்வாள் என்றார். அக்கா பார்த்துக்கொண்டாள். வீட்டை மட்டுமல்ல, அடுத்த பதின்மூன்று வருடம் அப்பாவையும்.

அப்பாவின் காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் திலீப் ஒரே வார்த்தையைச் சொன்னான்: “அக்கா இருந்தாங்க, எனக்கு என்னா கவலை.” மனதாரப் புகழ்ந்துதான் சொன்னான். பிரமிளா அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஏன் என்று அவன் கேட்டிருந்தாலும் அவளால் விளக்கியிருக்க முடியாது. ஊமை கண்ட கனவு மாதிரி அது உள்ளேயே கிடந்தது.

4

‘வீடு இப்படி இல்லை’ என்று அவள் எழுதியது அவனுக்காக அல்ல. அதற்கு மேலே ஒரு வெளிநாட்டுக்காரர், இவ்வளவு அமைதியான வீட்டில் வாழக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்த எரிச்சலில் எழுதினாள். மறுநாள் அதை அழித்து, தண்ணீர்க் குழாய் இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம் என்று திருத்தினாள்.

பத்து நாளில் புதிய பதிப்பு வந்தது. கூடவே ஒரு வரிக் குறிப்பு: ‘குழாய் வலப்பக்கம் மாற்றப்பட்டது.’

பஸ்ஸில் அவள் அதை மூன்று தடவை படித்தாள். பிறகு, அடுப்படிக் கதவு உள்பக்கமாகத் திறக்கும் என்று எழுதினாள். அடுத்த பதிப்பில் கதவு உள்பக்கமாகத் திறந்தது. அவன் ஒரு முறையும் பதில் எழுதவில்லை. அவள் ஒரு முறையும் பெயர் போடவில்லை. இரண்டு மாதம் இப்படியே ஓடியது. ஆறு வருடத்தில் இருவரும் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை.*

*சொந்தத் தம்பிக்கு ஒரு போன் போட்டால் தீராதா என்று கேட்கிறீர்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. நல்லது.

5

அதுவரை அவள் கடைசிக் கட்டத்துக்குப் போகவே இல்லை. புதிரில் அவள் மந்தம். ஷர்மினி உதவி செய்து ஒருவழியாகப் பதினெட்டாம் கட்டம் திறந்தது.

படுக்கையறை. சுவரோரம் இரும்பு அலமாரி. நீலச் சட்டைக்காரன் ஒரு விரல் தொடுதலில் அதைத் தள்ளிக்கொண்டு போனான். அலமாரி வழுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி லோரியில் ஏறியது. கைதட்டும் சத்தம் கேட்டது. ‘வாழ்த்துகள்.’

 வீட்டைக் காலி செய்த அன்றைக்கு அந்த அலமாரியைப் பிரமிளா தனியாகத் தள்ளினாள். அக்கம்பக்கத்தில் அவரவர் வீட்டைக் காலி செய்கிற அவசரம். லோரிக்காரர் இஞ்சினை அணைக்காமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். யாராவது வருவார்களா என்று அவள் வாசலைப் பார்த்துப் பார்த்துத் தள்ளினாள். பாதி வழியில் அது சாய்ந்தது. இடுப்பால் தாங்கினாள். அலமாரி அங்கேயே நின்றுவிட்டது; பின்னால் வீட்டோடு சேர்த்து அதையும் நசுக்கினார்கள். பெல்ட் அன்றிலிருந்து கட்டுவது. இந்தப் பதினெட்டுக் கட்டத்தில் எங்கும் ஒரு பெண் இல்லை.

இரண்டு நட்சத்திரத்தை ஒன்றாக்கினாள். எழுதினாள்: ‘கடைசி ரூம்பு அலமாரிய ஒரு ஆளு தள்ள முடியாது. தள்ளிப் பாத்தவ சொல்றேன்.’

6

இங்கே எனக்கும் களைத்துவிட்டது. முடிவுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன்.

திலீப் போன் செய்து அழுகிறான். என் மனைவிக்கு இது பிடித்திருந்தது. எனக்கு அவன் குரல் காதில் விழவே இல்லை.

திலீப் அந்தக் கருத்தைத் தூக்கச் சொல்லிப் புகார் செய்கிறான். செய்யக்கூடியவன்தான், ஆனால் குழாயை மாற்றியவன் ஆயிற்றே.

திலீப்புக்குப் புரியவே இல்லை. அலமாரியின் எடை விளையாட்டின் கணக்குக்குச் சரிதான் என்று… [இதற்குத்தான் அதிகம் பயந்தேன். வாழ்க்கையில் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.]

7

மூன்று வாரம் கழித்துப் புதிய பதிப்பு வந்தது. ‘இரும்பு அலமாரி: இனி ஒருவரால் தள்ள முடியாது. இரண்டாவது ஆள் இன்னொரு கைப்பேசியிலிருந்து சேர வேண்டும்.’

வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். நல்ல விளையாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்றார் ஒருவர். அமைதிக்காக வாங்கினேன், பணத்தைத் திருப்பிக் கொடு என்றார் இன்னொருவர். நாலரையில் இருந்த மதிப்பெண் ஒரே வாரத்தில் மூன்றுக்குக் கீழே போனது. ‘நான் தனியாக வாழ்கிறவன். இரண்டாவது ஆளுக்கு எங்கே போவேன்?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அன்றைக்கு ஹாரன் சத்தத்துக்கு நடுவே பிரமிளா கேட்டதும் இதே கேள்விதான்.

இந்தப் பிழையை எப்போது சரிசெய்வீர்கள் என்று கேட்டவருக்கு மட்டும் திலீப் பதில் எழுதினான். அவன் எழுதிய ஒரே பதில் அது: ‘சரிசெய்தாகிவிட்டது.’

 பஸ்ஸில் அதைப் படித்த பிரமிளா, தன் முகத்தை ஷர்மினி பார்த்துவிடாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தனக்காக ஒருவன் நஷ்டப்பட்டது அவளுக்குப் பழக்கமில்லை.

8

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் பிளாட்டில். கட்டிலில் சாய்ந்துகொண்டு பதினெட்டாம் கட்டத்தைத் திறந்தாள். அலமாரியின் ஒரு முனையை நீலச் சட்டைக்காரன் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நிற்கிறான். மறுமுனை காலி. கீழே ஒரு பொத்தான்: ‘சேர்’.

பிரமிளா அழுத்தினாள். [அழித்துவிட்டேன்.]

பிரமிளா அழுத்தவில்லை. [இதையும்.]

அழுத்து அம்மா, பிள்ளை இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறான் என்று நானே அவளிடம் கெஞ்சினேன். அவள் என்னைச் சட்டை செய்யவில்லை. திரையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் வந்தது. படத்தில் பாவமாக நிற்கிறவன் திலீப். வந்து சேராதவள் அவள். மன்னிப்புக் கேட்கிற இடத்திலும் அக்காதான் ஓடி வந்து மறுமுனையைத் தூக்க வேண்டும்.

எழுந்து உட்கார்ந்து, பழையதை அழித்துவிட்டு எழுதினாள்:

‘ரெண்டு ஆளுன்னது சரி. நிக்கிற ஆளுதான் தப்பு. அங்க நின்னது நான். வர வேண்டியது நீ.’

எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது. பழைய ஒன்றையே விட்டுவைத்து அனுப்பினாள். முதன்முறையாகக் கீழே பெயரும் போட்டாள்.

9

அடுத்த பதிப்பு வந்ததா என்றுதானே கேட்கிறீர்கள். அதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அது நான் செய்த திருத்தம், அவன் செய்ததாக ஆகாது. நீங்கள் வேண்டுமானால் அவனுக்குப் பதிலாகத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது வருடமாக அவனுக்குப் பதிலாக யாராவது செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் விசாரித்து வைத்தேன். ஒரு பொம்மையை எடுத்துவிட்டு இன்னொன்றை அங்கே நிறுத்த எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று இந்தத் தொழில் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். பத்து நிமிட வேலை என்றார்.