காயாத தளம்

பவானியின் நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த தேனி டாக்டர், மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வீட்டைப் பற்றிக் கேட்டார்.

"வீட்ல ஓதம் இருக்கா? சுவத்துல, கூரையில பூஞ்சணம் படருதா?"

முத்துராஜா மனைவியைப் பார்த்தான். அவள்தான் பதில் சொன்னாள். "மழை பெஞ்சா படுக்கிற ரூம்ல மூலையெல்லாம் கறுப்பாயிரும் சார். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பேன். ஒரு வாரத்துல திரும்ப வந்துரும்."

"இனிமே தேய்க்காதீங்க. ஒழுகல நிப்பாட்டுங்க. முடியலேன்னா வேற வீட்டுக்குப் போயிருங்க. தழும்பு விழுந்த இடம் இனி நல்லாகாதும்மா. மிச்சம் இருக்கறதக் காப்பாத்தணும்."

காமயகவுண்டன்பட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் உத்தமபாளையம் தாண்டியதும் பவானி கேட்டாள். "ஐப்பசி மழைக்குள்ள மாடிய முடிச்சிருவமாங்க?"

"முடிச்சிருவம்."

மகள் அபிதா பிறந்த வருடம் கட்டிய வீடு அது. கான்கிரீட் போட்டதோடு மாடி வேலையை நிறுத்திவிட்டார்கள். மேலே இன்னொரு வீடு எடுக்கும்போது ஓடு பதித்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. அதற்காக விட்ட தூண் கம்பிகள் மாடியின் நான்கு மூலையிலும் துருப்பிடித்து நின்றன. அபிதா இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். மேல்வீடு வரவில்லை. இத்தனை வருட வெயிலும் மழையும் வெறும் கான்கிரீட்டிலேயே இறங்கின.

முத்துராஜா திராட்சைத் தோட்டங்களுக்கு மோட்டார் பழுது பார்ப்பவன். ஒரு பேரிங் வாங்கினால்கூட விரலில் மாட்டிச் சுற்றி, காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவான். மாடி விஷயத்திலும் அப்படித்தான் இறங்கினான்.

கொத்தனார் சின்னக்கருப்பு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு என்ற தட்டையான சிவப்பு ஓடு பதிக்கலாம் என்றான். கம்பத்துப் பெயிண்ட் கடைக்காரர், ரப்பர் மாதிரி இழுபடும் பெயிண்ட் இருக்கிறது, இரண்டு கோட் அடித்தால் போதும் என்றார். மயிலாடும்பாறையில் ஒரு தோட்டக்காரர் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதித்திருந்தார். முத்துராஜா அந்த மாடியில் உச்சி வெயிலில் வெறுங்காலோடு நடந்து பார்த்தான். கால் சுடவில்லை. ஆனால் கீழே வந்தபோது அந்த வீட்டு அம்மாள், "சூடு இல்ல தம்பி. ஆனா டைல்ஸ் இடுக்குல தண்ணி எறங்குது, எங்கன எறங்குதுன்னுதான் தெரிய மாட்டேங்குது" என்றாள். பெயிண்ட் அடித்த ஒரு மாடியைச் சின்னமனூரில் போய்ப் பார்த்தான். அது தோசை மாதிரிக் கொப்புளம் விட்டிருந்தது. தகர ஷீட்டே போட்டுவிடலாம் என்றால், ஆடிக் காற்றில் பக்கத்துத் தெருவில் ஒரு ஷீட் பறந்து மின்கம்பத்தில் தொங்கியதை அவனே பார்த்திருக்கிறான்.

எல்லாவற்றிலும் ஒரு நல்லது இருந்தது, ஒரு கெட்டதும் இருந்தது. ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்தது. பவானி அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் ஒருமுறை சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்தாள்.

"ஏதாச்சும் ஒண்ணப் போடுங்க," என்றாள். "ஒசத்தி எதுன்னு பாத்துக்கிட்டே இருந்தா மழை வந்துரும்."

"ஒருக்காத்தான் போடப் போறம் பவானி. தப்பாப் போயிரக் கூடாதுல்ல?"

கடைசியில் தட்டோடு என்று முடிவு செய்தான். தூசி அவளுக்கு ஆகாது என்பதால், வேலை தொடங்கும் முன் பொட்டிப்புரத்தில் இருக்கும் அவள் தங்கை பவுனு வீட்டில் கொண்டுபோய் விட்டான். டாக்டர் அவளுக்கு எழுதிக்கொடுத்திருந்த ஆக்சிஜன் மெஷினையும் அங்கே இறக்கினான். "இருபது நாள்தான். வேல முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றான்.

மறுநாள் சின்னக்கருப்பு மாடியில் கான்கிரீட்டின் மேல்பரப்பைக் கொத்தினான். கொஞ்ச நேரத்தில் கீழே படுக்கையறையில் பெரிய சத்தம். முத்துராஜா ஓடிப் பார்த்தான். கட்டிலுக்கு மேலே கூரையிலிருந்து கதவளவு காரை பெயர்ந்து, மெத்தைமேல் விழுந்து கிடந்தது. பவானி தலை வைத்துப் படுக்கும் பக்கம். மேலே தெரிந்த கம்பிகள் துருவில் ஊதி, அடுக்கடுக்காக உரிந்திருந்தன. சின்னக்கருப்பு ஒரு கம்பியை விரலால் தொட்டான். அது உதிர்ந்தது.

"அண்ணே, எனக்கு ஒண்ணும் புரியல. ஒரு இஞ்சினியரக் காட்டிருங்க," என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

கம்பத்திலிருந்து வந்த இஞ்சினியர் சுத்தியலால் கூரை முழுவதும் தட்டிக்கொண்டே நடந்தார். எங்கே தட்டினாலும் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் பொத்தென்ற சத்தம்.

"மேல எதப் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. தட்டோட்டுப் பாரத்த இது தாங்காது. பெயிண்ட் அடிச்சா உள்ள இருக்கற தண்ணி வெளிய வராது. தளத்த இடிச்சுட்டுப் புதுசாப் போடணும். அதுவரைக்கும் உள்ள யாரும் படுக்காதீங்க."

"சார், முன்னமே ஏதாவது போட்டிருந்தா?"

"பத்து வருசம் முன்னாடின்னா எதப் போட்டிருந்தாலும் நின்னுருக்கும்," என்றார் அவர்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. இடிக்க ஆள் வரத் தயாராக இருந்தது. முத்துராஜாதான் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தான். இடித்துவிட்டால் அவள் திரும்பி வர வீடு என்று ஒன்று இருக்காது. இடிக்காவிட்டாலும் இல்லை. இது தெரிந்தும் அவனால் சரி என்று சொல்ல முடியவில்லை. வேலைக்குப் போகும் ஒரு தோட்டத்து மோட்டார் ரூமில் படுத்துக்கொண்டான்.

பொட்டிப்புரத்துக்குப் போனபோது பவானி குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு சாய்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் கண் மலர்ந்தது.

"வேல முடிஞ்சுச்சா?"

அவன் வாயைத் திறந்தபோது வேறு வார்த்தைதான் வந்தது. "முடிஞ்சிருச்சு."

"தட்டோடா?"

"ஆமா."

"செவப்பா?"

"நல்ல செவப்பு."

"இந்த மழையில ஒழுகலயா?"

"ஒரு சொட்டு எறங்கல. காஞ்சு கெடக்கு."

அவள் சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது. "ஏ பவுனு, கேட்டியாடி? உங்க மச்சான் வீட்டக் காய வச்சுட்டாக." பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப என்னையக் கூட்டிட்டுப் போங்க. என் வீட்டுல ஒரு ராத்திரி படுத்தாப் போதும்."

"சுண்ணாம்பு வாடை இருக்கு. அது போகட்டும்," என்றான்.

அடுத்த முறையும் கேட்டாள். அதே பதிலைச் சொன்னான். அதற்கடுத்த முறை அவளால் கேட்க முடியவில்லை. வாசல் பக்கம் கண்ணைக் காட்டினாள், அவ்வளவுதான். கார்த்திகை பிறந்த நான்காம் நாள் காலையில் அவள் மூச்சு நின்றது. அபிதா கோயம்புத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள், வழியில்தான் செய்தி போனது.

பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தபோது பவுனு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வண்டியச் சொல்லுங்க மச்சான். அக்காள அவ வீட்டுக்குக் கொண்டுபோயிருவம். நடுவீட்டுல வச்சுத்தான் எடுக்கணும். உசுரோட இருக்கும்போது கேட்டுக்கிட்டே கெடந்தா, இப்பவாச்சும் போகட்டும்."

முத்துராஜா தலையைத் தூக்கவில்லை.

"அங்கன வைக்க முடியாது பவுனு."

"ஏன்?"

"தளம் விழுகுது. ஆள் உள்ள போகக் கூடாதுன்னு சொல்லிட்டாக."

பவுனு அவன் முன்னால் வந்து நின்றாள். "காஞ்சு கெடக்குன்னு சொன்னீகளே மச்சான். செவப்புன்னு சொன்னீகளே. எங்க அக்கா அத நம்பித்தான நாளை எண்ணிட்டுக் கெடந்தா."

ஒப்பாரி நின்றுபோயிருந்தது. எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

இருந்தாலும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பூட்டிய வீட்டுக்கு முன்னால், தெருவில் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே பவானியைக் கிடத்தினார்கள். மதியம் மழை வலுத்தது. தார்ப்பாய் நடுவில் தண்ணீர் கட்டித் தொங்கியது. சின்னக்கருப்பு அடியில் ஒரு கம்பைக் கொடுத்து அதைத் தூக்கித் தூக்கிக் கொட்டினான். ஓரமாக ஒழுகிய தண்ணீர் அவள் காலில் விழுந்தது. அபிதா அம்மாவின் பாதத்தைத் தன் துப்பட்டாவால் மூடினாள். காரியம் முடிந்த மறுநாள் அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

தை மாதம் வெயில் வந்தது. இடிக்கிற ஆட்கள் இரண்டு முறை வந்து கேட்டார்கள். முத்துராஜா இடிக்கவும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மோட்டார் ரூமின் சிமெண்ட் தரையில் பகலிலும் படுத்துக் கிடந்தான். பேரிங் போன மோட்டார்களைத் தூக்கிக்கொண்டு தோட்டக்காரர்கள் அவனைத் தேடி வந்து, கொஞ்ச நேரம் வெளியே நின்று பார்த்துவிட்டு, கம்பத்துக்குக் கொண்டுபோனார்கள்.