குடும்பத் தலைவர் பெயர்

வீரம்மா அக்காவின் வீட்டை, அவரை விட்டு ஓடிப்போன புருஷனுக்கு எழுதிக் கொடுத்தது நான்தான். கம்பெனிக்காரன் இல்லை, வக்கீலும் இல்லை. மார்ச் எட்டாம் தேதி ஈப்போவில் ஊதா டீசட்டை போட்டுக்கொண்டு, ஒலிபெருக்கியில் பெண்ணுரிமை முழங்கிய இந்தச் சரளாதான். அந்தப் படத்துக்கு நானூறு பேர் இதயம் போட்டார்கள். அதே வாரம்தான் யார் யாருக்கு வீடு என்ற பட்டியலையும் தட்டச்சு செய்தேன்.

ஈப்போவை அடுத்த செமோருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். தோட்டம் என்பது வாய்ப்பழக்கம், ரப்பர் மரம் ஒன்றுகூட இப்போது இல்லை. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் முப்பத்தெட்டு குடும்பங்கள் மட்டும் மிச்சம். நிலத்தை வாங்கிய கம்பெனி எங்களைக் கிளப்பப் பார்த்தது. ஒன்பது வருஷம் மல்லுக்கட்டினோம். கடைசியில் குடும்பத்துக்கு ஒரு தரை வீடு தருவதாக இறங்கி வந்து, யார் யாருக்கு என்று பட்டியல் கேட்டது. குடியிருப்பாளர் குழுவுக்கு நான் செயலாளர். பழைய தோட்ட ஆபீசின் வீட்டுப் பதிவைப் பார்த்து அப்படியே காப்பியடித்தேன். முதல் கட்டத்தில் குடும்பத் தலைவர். இரண்டாவது கட்டத்தில் மனைவி.

பதினான்காம் நம்பர் வீட்டில் பதினெட்டு வருஷமாக வீரம்மா அக்கா மட்டும்தான் இருக்கிறார். அவர் புருஷன் தர்மா சித்தியவானில் வேறொரு குடும்பத்தோடு இருப்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். பதிவில் தர்மா என்று இருந்தது, நானும் தர்மா என்றே அடித்தேன்.

“அந்த ஆளு பேரு எதுக்கு சரளா?” என்று அக்கா கேட்டார்.

“ஃபார்ம் அப்படித்தான்கா. ஒண்ணும் ஆவாது.”

“நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்லா” என்று சொல்லி, ஒரு வரிகூடப் படிக்காமல் மனைவி என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஒன்றும் ஆகாதாம். பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சித்தியவானுக்குப் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் தர்மா வந்து இறங்கினார். பதினெட்டு வருஷம் கழித்து வந்தவர், எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. புது வீட்டுச் சாவி எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

குழுத் தலைவர் லூயிஸ் அண்ணனிடம் ஓடினேன். பட்டியலை மாற்ற வேண்டும் என்றேன்.

“இப்ப போயி பேர மாத்துனா கம்பெனிக்காரன் அதையே சாக்கா வச்சிக்குவான் தங்கச்சி” என்றார். “மொதல்ல வீடு கெடைக்கட்டும். பொம்பளைங்க பிரச்சினைய அப்புறம் பாத்துக்கலாம்லா.”

அப்புறம். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புல்டோசர் வந்த அன்று யாரும் அப்புறம் என்று சொல்லவில்லை. பொம்பளைங்க முன்னால உட்காருங்க, போலீஸ் அடிக்க மாட்டான் என்றார்கள். வீரம்மா அக்கா முதல் ஆளாகப் போய்ச் சேற்றில் உட்கார்ந்தார். அடித்தார்கள். அக்காவின் இடது கை இன்னும் சரியாக மடங்காது. அடிக்கு முன் வரிசை, வீட்டுக்குப் பின் வரிசை. இதில் லூயிஸ் அண்ணனை மட்டும் திட்டி என்ன பயன்? பின் வரிசையைத் தட்டச்சு செய்தவள் நான்தானே.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

“இருவத்திரெண்டு வருஷம் பால் வெட்டுனேன்” என்றார். “தெனமும் பெரட்டுல வீரம்மான்னுதான் கூப்பிட்டாங்க. தர்மா பொண்டாட்டின்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. கிராணிக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலயே.”

பெரட்டு என்றால், தோட்டம் இருந்த காலத்தில் வேலைக்கு முன் ஆள் எடுப்பது. கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடுவார், வரிசையில் நிற்பவர்கள் பதில் சொல்ல வேண்டும். வேலை வாங்கும்போது பெண்ணுக்குப் பேர் இருந்தது. வீடு கொடுக்கும்போதுதான் மனைவி ஆகிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பட்டியலைப் புதிதாக அடித்தேன். தலைவரும் இல்லை, மனைவியும் இல்லை. அந்த வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பேர், அடையாள அட்டையின் ஐசி எண், அவ்வளவுதான். இருவர் இருந்தால் இருவரும்.

ஞாயிறு காலை ஊர்ப் பொது மண்டபமான பாலாய் ராயாவில் எல்லோரும் கூடினார்கள். பட்டியலை வாங்கிப் போகக் கம்பெனி அதிகாரி வந்திருந்தார். தலைவர், செயலாளர் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பட்டியல் செல்லுபடியாகும். லூயிஸ் அண்ணன் பழையதை நீட்டினார்.

“இதுல நான் போட மாட்டேன்” என்றேன்.

மண்டபம் கொதித்தது. ஓர் ஆளுக்காக முப்பத்தெட்டு வீட்டையும் கெடுக்கிறாள் என்றார்கள். படித்த திமிர் என்றார்கள். ஈப்போவில் கத்திவிட்டு இங்கேயும் கத்த வந்துவிட்டாள் என்றது ஒரு குரல். எனக்குப் பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. ஒலிவாங்கியை எடுத்தேன்.

“பெரட்டு எடுக்கிறேன். இந்தத் தோட்டத்துல வேல செஞ்சவங்க வந்து நில்லுங்க. அகதா.”

அகதா அக்கா லூயிஸ் அண்ணனின் மனைவி. பின்னால் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இதே தோட்டத்தில் பிறந்து, பால் வெட்டியவர். லூயிஸ் அண்ணன் பத்து காஜா என்ற ஊரிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர், ஒரு நாளும் பால்வாளி தூக்கியதில்லை. அவர்கள் இருப்பது அகதா அக்காவின் அம்மா விட்டுப்போன வீடு. பட்டியலில் குடும்பத் தலைவர் லூயிஸ்.

அகதா அக்கா கெட்டிலைக் கீழே வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து நடுவில் நின்றார்.

“இருக்கேன்” என்றார். புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் கூப்பிடக் கூப்பிட வந்தார்கள். பெண்கள்தான் அதிகம். வயதான ஆண்கள் சிலரும் வந்து வரிசையில் சேர்ந்தார்கள். வரிசை வாசல் வரைக்கும் போனது. லூயிஸ் அண்ணன் அகதா அக்காவையே பார்த்தார். அவர் அசையவில்லை. அண்ணன் புதுப் பட்டியலை என் கையிலிருந்து பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். மனம் மாறியதாக நான் நம்பவில்லை. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போயாக வேண்டும், அவ்வளவுதான். நானும் கையெழுத்துப் போட்டேன்.

“என் பேரு எங்க?” என்றார் தர்மா.

“நீ எந்த வூட்டுல இருக்கியோ அங்க போயி கேளு” என்றார் வீரம்மா அக்கா.

ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். அக்காவின் முறை வந்தது. பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைத் தன் பக்கம் திருப்பினார். தலைப்பிலிருந்து ஆரம்பித்து, விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். தன் வரியை இரண்டு முறை படித்தார். பையிலிருந்து ஐசியை எடுத்து எண்ணை ஒப்பிட்டார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், பின்னால் யாரோ சலித்துக்கொண்டார்கள். நான் எழுதினால் சரியாக இருக்கும் என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டவர்.

பேனாவை நீட்டியபடியே நின்றேன். படித்து முடிக்கும்வரை அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.