அறைக்குள் ஒரு நிமிடம்

பதினோரு வருடத்தில் அவன் எடுத்தது நான்கு ஆவணப்படம். நான்கும் வந்த சுவடு தெரியாமல் போயின. இயக்கம், கேமரா, ஒலி எல்லாம் அவனே. திட்டு வாங்குவதும் அவனே. ஐந்தாவது படத்தை ஒரு திரைப்பட விழாவில் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அவர்கள் கைக்குப் போயாக வேண்டும். இன்று புதன்.

மிச்சம் ஒரே ஒரு பேட்டி. கல் அறுக்கும் ஆலையில் இருபது வருடம் தூசி தின்ற தொழிலாளி. கட்டிலை ஒட்டி ஆக்சிஜன் மிஷின், பழைய ஃப்ரிட்ஜ் போல உறுமிக்கொண்டிருந்தது.

“அதை அணைச்சிடு தம்பி. என்னைவிட அதுதான் அதிகமா பேசுது,” என்றார் தொழிலாளி.

“பத்து நிமிஷத்துக்கு மேல அணைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு,” என்றாள் மனைவி.

“டாக்டரா படம் எடுக்கறாரு? நீ சும்மா இரு.”

அவன் மிஷினை அணைத்துப் பதிவைத் தொடங்கினான். பேட்டியின் நடுவில் அவள் டம்ளரைத் தட்டிவிட்டாள். நல்ல வாக்கியம் ஒன்று பாழானது.

“அம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். சின்னச் சத்தம்கூட வரக்கூடாது,” என்றான் அவன்.

“கல்யாணமான நாள்லேர்ந்து இவ கை சும்மா இருந்ததே இல்ல,” என்று சிரித்தார் அவர். சிரிப்பு இருமலானது. அவள் சுவரோடு சுவராக நின்றுகொண்டாள்.

ஒன்பதாவது நிமிடத்தில் பேச்சு முடிந்தது. அவள் மிஷினுக்குக் கை நீட்டினாள்.

“இருங்கம்மா. ஒரே நிமிஷம்.”

யாரும் பேசாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. படத்தை வெட்டி ஒட்டும்போது பேச்சுக்கு நடுவில் அதைத்தான் போட்டு நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் படம் ஓட்டை ஓட்டையாகக் கேட்கும். முதல் படத்தில் அதை மறந்துவிட்டுப் பட்டது போதும்.

“எடுத்துக்கோ தம்பி. மொதலாளி காதுல நல்லா விழட்டும்,” என்று தொழிலாளி கட்டைவிரலை உயர்த்தினார்.

அவன் ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டான். அப்படிக் கேட்பதுதான் பழக்கம். குழாயில் ஒரு சொட்டு. தெருவில் சைக்கிள் மணி. எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய மூச்சு, ரம்பம் போட்டு அறுத்தது. எரிச்சலாக வந்தது.

முப்பதாவது நொடியில் யாரோ தோளைத் தொட்டார்கள். கண் திறக்காமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். கை விலகியது.

பிறகு ரம்பம் மெலிந்தது. நின்றது. அறை சுத்தமானது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஓடவிட்டான்.

கண்ணைத் திறந்தான். தொழிலாளியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. மனைவி ஒரு கையால் தன் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தாள். இன்னொரு கை மிஷினின் பொத்தான்மேல் இருந்தது, அழுத்தாமல்.

“இப்போ பேசலாமா தம்பி?” விரலிடுக்கு வழியாகக் கேட்டாள்.

அவன் முதலில் பதிவை நிறுத்தினான்.