யாருடைய புகை?

"அம்மா, புகை மேல பேரா எழுதியிருக்கு? யாரு வீட்டுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். நகரக் காற்றிலுள்ள நுண்துகள்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஆராய்வது அம்மாவின் வேலை.

அந்தக் கேள்வி இப்போது குத்தியது. அலுவலக மொட்டை மாடியில் அவள் வைத்த, காற்றுத் தூசியைப் பிடிக்கும் கருவியின் வடிதாள்களில் வண்டிப் புகையைவிட விறகுப் புகையே மிகுந்திருந்தது.

"நடு ஊர்ல விறகா? யார் காதுல பூ சுத்துறீங்க?" என்று மேலதிகாரி அறிக்கையைத் திருப்பிவிட்டார்.

எரிச்சலோடு மறுநாள் விடியற்காலையிலேயே கருவியைச் சோதிக்க மாடியேறினாள். கருவியின் காற்றுக்குழாய்க்கு அருகிலேயே இரவுக் காவலாளி உடைந்த பலகைகளை எரித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, இவ்வளவு சீக்கிரம்? உங்க டீதான் கொதிக்குது."

தினமும் காலையில் அவர் வீடு திரும்புமுன் அவள் மேசைக்கு வரும் டீ. காசு நீட்டினால், "பெத்த பொண்ணுகிட்ட வாங்குவேனா?" என்பார். கடவுளே, ஊரெல்லாம் தேடிய புகையை இத்தனை நாளும் நானே குடித்திருக்கிறேன்! திட்ட வாயெடுத்தவள், டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு இறங்கினாள்.

கருவி வைத்த இடம் தவறு, அது தன் தவறு என்று மேலதிகாரிக்கு எழுதினாள். மாதக்கணக்கில் சேர்த்த வடிதாள்கள் குப்பைக்குப் போயின.

மாலையில், காவலாளி வேலைக்கு வருமுன், அவருடைய அறையில் ஒரு புது மின்சாரக் கெட்டிலை வைத்துவிட்டு ஓசைப்படாமல் கதவைச் சாத்தினாள்.