வேல்கம்பு பட்டால் இரண்டு கட்டம்

எங்கள் ஊரில் கணவனும் மனைவியும் பிரிய வேண்டுமென்றால் மேசைச் சண்டை போட்டுத்தான் பிரிய வேண்டும். ஒரு மனுவும் ஆளுக்கொரு களிமண் பொம்மையும் கொண்டுவந்தால் போதும். மேசைமேல் கட்டம் போட்ட பலகை இருக்கிறது. பொம்மைகளை அதில் நிறுத்தி, இருபது முகப் பகடையை உருட்டி, முறை வைத்து அடித்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு இருபது உயிர். பொம்மைக்கு நடப்பது ஆளுக்கும் நடக்க வேண்டும் என்பதால் அலுவலகத் தரையிலும் சுண்ணாம்பால் பெரிய கட்டங்கள் போட்டிருக்கிறோம். ஜெயித்தவர் கேட்டது கிடைக்கும். தோற்றவர் இறந்தவராகப் பதிவாவார். இறந்தவர்கள் வீடு மாற அனுமதி இல்லை.

நான் இந்த நடுவர் நாற்காலியில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். பழைய விதியில் எல்லா ஆயுதமும் ஒன்றுதான். அரிவாளோ உலக்கையோ துடைப்பமோ, பகடையில் பத்துக்கு மேல் விழுந்தால் அடி, அடிக்கு நான்கு உயிர். உருட்டு, அடி, கழி. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு கையில் பகடையும் மறு கையில் கைபேசியுமாகச் சண்டை போட்டவர்களை எல்லாம் பார்த்திருக்கிறேன். உப்புச்சப்பில்லாத சண்டைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மணிக்கு நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிடுவேன்.

போன பங்குனியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஆணை வந்தது. இனி ஒவ்வோர் ஆயுதத்துக்கும் கூடுதலாக ஒரு திறன் உண்டு. அரிவாள் குறி தவறினாலும் ஓர் உயிரைக் கீறும். உலக்கை பட்டால் எதிராளி கீழே விழ வேண்டும். வேல்கம்பு பட்டால் எதிராளி இரண்டு கட்டம் பின்னால் போக வேண்டும். கூடவே ஒரு படிவம்: 'கூடுதல் திறன்களால் சண்டை மேம்பட்டதா? ஆம், இல்லை. காரணத்தை ஒரு வரியில் எழுதவும்.' உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டு எதையாவது கிளப்பிவிடுவதே இவர்களுக்கு வேலை. ஒரு சண்டைகூட நடக்கும் முன்பே பென்சிலால் 'இல்லை' என்று குறித்து வைத்துவிட்டேன்.

புது விதியில் முதல் மனு பூங்கோதையுடையது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். எதிராளி அவள் கணவன் நாச்சிமுத்து. மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான்.

"குறை என்னம்மா?" என்று கேட்டேன்.

"அவரு ஒண்ணும் பண்ணலீங் சார்."

"ஒண்ணும் பண்ணலைன்னா?"

"அடிக்கல, குடிக்கல. பதினோரு வருசத்துல ஒரு நிமிசம் எம் பக்கத்துல வந்து நின்னதில்லீங். நாஞ் சமையக்கட்டுல இருந்தா அவரு வாசல்ல இருப்பாரு. நான் வாசலுக்கு வந்தா கடைக்குப் போயிருவாரு."

குறை என்ற இடத்தில் 'தூரம்' என்று எழுதிக்கொண்டேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். ஜெயித்தால் அங்கே போய்விடுவாள். தோற்றால் இறந்தவளாகப் பதிவாகி அவன் வீட்டிலேயே இருந்துகொள்ள வேண்டியதுதான். அந்த அறையின் சாவியை ஏற்கெனவே முந்தானையில் முடிந்திருந்தாள். அவள் ஜெயிக்க வேண்டும் என்று அப்போதே எனக்குத் தோன்றிவிட்டது. என் பதவிக்கு அப்படித் தோன்றக் கூடாது.

ஆயுதங்களின் அட்டைகளை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். "இது தள்ளிவிடும்னு போட்டிருக்குதுங்களே, இதையே குடுங்" என்று வேல்கம்பை எடுத்துக்கொண்டாள். நாச்சிமுத்து கைக்கு எட்டியதை எடுத்தான். அது உலக்கை. அட்டையைப் படிக்கவில்லை.

பூங்கோதையின் முதல் உருட்டலிலேயே பதினான்கு. நாச்சிமுத்து இரண்டு கட்டம் பின்னால் போய் நின்றான். உலக்கை அடுத்த கட்டத்துக்குத்தான் எட்டும்.

"இப்ப நானென்ன பண்ணோணுமுங்க?" என்று என்னைப் பார்த்தான்.

"அடிக்கணும்னா பக்கத்துல நடந்து வரணும்."

தரையைப் பார்த்தபடி நடந்து வந்தான். பூங்கோதையின் பக்கத்தில் வந்து நின்றான். பகடையை உருட்ட மறந்துவிட்டான், நான்தான் ஞாபகப்படுத்தினேன். மூன்று விழுந்தது.

அடுத்த முறையும் அடி பட்டது, பின்னால் போனான், திரும்பி வந்தான். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். பகடையில் பன்னிரண்டு. உலக்கை பட்டுவிட்டதால் பூங்கோதை விழ வேண்டும். கைப்பையைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்தாள்.

"ஒடனே எந்திரிக்கோணுமுங்களா சார்?"

"உங்க முறை வரும்போது எந்திரிக்கலாம். வேண்டாம்னா முறையை விட்டுக்கொடுக்கலாம்."

முறையை விட்டுக்கொடுத்தாள். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். விழுந்து கிடப்பவரை அடித்தால் பகடையில் நான்கு கூட்டிக்கொள்ளலாம் என்று நாச்சிமுத்துவிடம் சொன்னேன். அவன் உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"அம்மிணி, எந்திரிக்கலையா?"

"இருங்க. மத்தியானத்துல படுத்து எத்தன வருசமாச்சு."

அவனும் முறையை விட்டுக்கொடுத்துவிட்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டான். உட்காரக் கூடாது என்று விதி இல்லை. ஆணையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டேன். மூன்று முறை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. மணி ஒன்றரை, டப்பா அப்படியே கிடந்தது. பிறகு பார்த்தால் பசியே இல்லை.

எழுந்தபின் பூங்கோதையின் மூன்றாவது அடி பட்டது. நான்காவதும் பட்டது. நான்காவது தடவை நாச்சிமுத்து போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டான்.

"பொம்மை இன்னும் அங்கேயே நிக்குதுப்பா. நான் நகத்தறதுக்குள்ள வந்துட்டா எப்படி?" என்றேன்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்று திரும்பப் போய் நின்று, நான் பொம்மையை நகர்த்தியதும் வந்தான். பூங்கோதை சிரித்துவிட்டாள். அவன் உருட்டியதில் இரண்டு விழுந்தது. அவனிடம் இருந்தது நான்கே உயிர்.

பூங்கோதை பகடையைக் கைக்குள் வைத்துக்கொண்டு உருட்டாமல் இருந்தாள்.

"இப்ப பட்டா என்னாகுமுங் சார்?"

"அவர் இறந்துருவார். நீங்க அந்த அறைக்குப் போயிரலாம்."

"தள்ளுமுங்களா?"

"தள்ளும்."

"திரும்பி வருவாருங்களா?"

"செத்தவங்க நடக்கக் கூடாதும்மா."

அவள் நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவன் பக்கத்துக் கட்டத்தில்தான் நின்றான், கையை நீட்டினால் தொடலாம். முந்தானை முடிச்சை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு உருட்டினாள். பதினெட்டு. குறைத்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், சொல்லவில்லை. நாச்சிமுத்து இரண்டு கட்டம் பின்னால் போய் அங்கேயே நின்றான். பூங்கோதை கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, "போயிட்டு வர்றனுங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு அறைக்குப் போனாள். செத்தவர்கள் பதில் சொல்லக் கூடாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. குனிந்து மேசை இழுப்பறையில் எதையோ தேடுவதுபோல் இருந்தேன்.

படிவத்தில் பென்சில் குறியை அழித்துவிட்டு, பேனாவால் 'ஆம்' என்று குறித்தேன். காரணம்: 'பழைய விதியில் யாரும் நடந்து வந்ததில்லை.'

எட்டாம் நாள் பூங்கோதை புது மனுவோடு வந்தாள்.

"அறை சரியில்லையாம்மா?"

"ரொம்ப நல்லாருக்குதுங். அத நான் விடமாட்டனுங். காலைல வெயில் கட்டில் வரைக்கும் வருது."

"அப்புறம் குறை என்ன?"

"குறை ஒண்ணும் இல்லீங். சண்ட மட்டும் போட்டுக்கறனுங்."

வாசலில் நாச்சிமுத்து நின்றிருந்தான். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தான். இறந்தவர்களை நாங்கள் அப்படியே விட்டுவிடுவதில்லை. மறுநாள் காலையிலேயே அவர்கள் அதே வீட்டில் பிறந்ததாகப் பதிவு போட்டுவிடுவோம். அந்தக் கணக்கில் நாச்சிமுத்து பிறந்து ஏழு நாள் ஆகியிருந்தது. மைனர் சண்டை போடப் பாதுகாவலரின் கையெழுத்து வேண்டும். பூங்கோதை கையெழுத்துப் போட்டாள். பிறப்பு எடை என்ற இடத்தில் அறுபத்தெட்டு கிலோ என்று எழுதி, முதல் தடுப்பூசிக்குச் சீட்டும் கொடுத்தேன்.

இந்தத் தடவை நாச்சிமுத்து எல்லா அட்டைகளையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு உலக்கையையே காட்டினான். பூங்கோதை வேல்கம்பை எடுத்து முதலில் உருட்டினாள். பதினைந்து. நாச்சிமுத்து இரண்டு கட்டம் பின்னால் போக வேண்டும். ஏழு நாள் குழந்தைக்குக் கழுத்து நிற்காது. பூங்கோதை வேல்கம்பை என் மேசைமேல் வைத்துவிட்டு, அவன் பின்னந்தலையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அவனோடு சேர்ந்து இரண்டு கட்டம் பின்னால் போனாள்.